சோம்பேறிகள் அல்ல, நோயாளிகள்: ஒரு தீவின் ரத்தச்சோகைக்குக் காரணம் கண்ட டாக்டர் ஆஷ்ஃபோர்டு

ஹீமோகுளோபின் 8, 9 என்று ரிப்போர்ட் வந்தால் எல்லா வீட்டிலும் கிடைக்கும் முதல் அட்வைஸ் ஒன்றுதான். கீரை சாப்பிடு, பேரீச்சம்பழம் சாப்பிடு, நேரத்துக்கு ஒழுங்கா சாப்பிடு. தப்பில்லை. ஆனால் நன்றாகச் சாப்பிட்டும் ரத்தம் ஊறவில்லை என்றால்? உள்ளே போவது போதவில்லையா, இல்லை உள்ளேயிருந்து எதுவோ உறிஞ்சிக்கொண்டே இருக்கிறதா?

சுமார் 125 ஆண்டுகளுக்கு முன்பு ஒரு தீவையே பார்த்து இந்தக் கேள்வியைக் கேட்டவர் டாக்டர் பெய்லி ஆஷ்ஃபோர்டு. அந்தத் தீவு கரீபியன் கடலில் உள்ள போர்ட்டோ ரிக்கோ. அன்று அங்கு நிகழ்ந்த மரணங்களில் ஏறத்தாழ 30 சதவீதத்துக்கு ரத்தச்சோகை காரணமாக இருந்திருக்கலாம் என்கிறது ஒரு மதிப்பீடு. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சில நிமிடங்களில் காரணம் தெரிந்துவிடும். ஆனால் அந்தத் தேவையே வரவில்லை. ஏன்னா, விடை எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்ததாக நினைத்தார்கள்: மலைக்காட்டு ஏழை ஜனங்கள், சத்தில்லாத சாப்பாடு, வெயில், அதோடு பிறவிச் சோம்பல்.

யார் இந்த ஆஷ்ஃபோர்டு?

1873 செப்டம்பர் 18 அன்று அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் பிறந்தவர். அப்பாவும் டாக்டர். ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் 1896-ல் மருத்துவப் பட்டம் வாங்கிவிட்டு, அடுத்த ஆண்டே ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார்.

1898-ல் ஸ்பெயினுக்கும் அமெரிக்காவுக்கும் போர் மூண்டது. ஏறத்தாழ 400 ஆண்டுகளாக ஸ்பெயினின் கையில் இருந்த போர்ட்டோ ரிக்கோ அமெரிக்காவின் கைக்கு மாறியது. அங்கே இறங்கிய படையோடு வந்தவர்களில் ஆஷ்ஃபோர்டும் ஒருவர். போர் முடிந்தும் அவர் தீவைவிட்டு விலகவில்லை. 1899-ல் போர்ட்டோ ரிக்கோ பெண் ஒருவரையே திருமணம் செய்துகொண்டார். மாமனார் வீடு, பேசும் மொழி, பழகும் மனிதர்கள் என்று அந்த ஊர் அவருக்குச் சொந்த ஊராகத் தொடங்கியது.

ஆனாலும் ஒன்றை மறக்கக் கூடாது. அவர் வந்தது ஆக்கிரமித்த ராணுவத்தின் சீருடையில். அவர் வாழ்க்கையின் நல்லது கெட்டது இரண்டுக்கும் இந்தப் பின்னணி உண்டு.

புயல் இறக்கிவிட்ட நோயாளிகள்

1899 ஆகஸ்ட் 8. சான் சிரியாகோ என்ற பெரும் புயல் தீவைக் குறுக்கே கிழித்துக்கொண்டு போனது. 3,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மலைப்பகுதியின் உயிர்நாடியான காப்பிப் பயிர் மொத்தமாக அழிந்தது. வீடும் வேலையும் போன மலைவாசிகள் கூட்டம் கூட்டமாகத் தெற்குக் கடற்கரை நகரமான பொன்ஸேவுக்கு இறங்கிவந்தார்கள். இவர்களை அந்த ஊரில் ஹீபரோ என்பார்கள். காப்பித் தோட்டங்களில் வெறுங்காலோடு கூலி வேலை செய்த ஏழை விவசாயிகள்.

புயல் அகதிகளுக்காக பொன்ஸேவில் போடப்பட்ட மருத்துவ முகாம் ஆஷ்ஃபோர்டின் பொறுப்பில் வந்தது. அங்கே அவர் கண்டது காயம்பட்டவர்களை மட்டுமல்ல. முகம் மெழுகு போல வெளுத்திருந்தது. பாதம் வீங்கியிருந்தது, வயிறு உப்பியிருந்தது. நாலு அடி நடந்தால் மூச்சு வாங்கியது. புயலுக்குப் பிந்தைய பட்டினிதான் காரணம் என்று அவரும் முதலில் நினைத்தார். இறைச்சியோடு நல்ல சாப்பாடு கொடுத்தார்.

ஆனால் சாப்பிட்டவர்கள் தேறவில்லை. செத்துக்கொண்டே இருந்தார்கள்.

சாப்பாடு இல்லாததுதான் நோய் என்றால், சாப்பாடு போட்டதும் உடம்பு தேற வேண்டுமே? இந்த இடத்தில்தான் ஆஷ்ஃபோர்டு மற்றவர்களிடமிருந்து வேறுபட்டார். சிகிச்சை பலிக்காதபோது நோயாளியைக் குறை சொல்லாமல், தன் நோயறிதலைச் சந்தேகப்பட்டார்.

ரத்தம் காட்டிய துப்பு

நோயாளிகளின் ரத்தத்தை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். சிவப்பணுக்கள் குறைந்திருந்தன. அது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராத விஷயம், ஈசினோபில் என்ற ஒரு வகை வெள்ளையணு அளவுக்கு மீறி இருந்தது. இன்றும் நம் லேப் ரிப்போர்ட்டில் ஈசினோபில் சதவீதம் என்று ஒரு வரி இருக்கும், பார்த்திருப்பீர்கள். அலர்ஜி இருந்தால் அது கூடும். உடம்புக்குள் புழு இருந்தாலும் கூடும்.

அடுத்து மலத்தைப் பார்ப்பது என்று முடிவு செய்தார். ஒரு துளி மாதிரியைக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்தபோது, மெல்லிய ஓடு போர்த்திய நீள்வட்ட முட்டைகள் தெரிந்தன. 1899 நவம்பர் 24 அன்று அவருக்கு உறுதியாகிவிட்டது. தீவைத் தின்றுகொண்டிருந்தது கொக்கிப்புழு. மேலதிகாரிக்குத் தந்தி அடித்தார். அப்போது அவருக்கு வயது 26.

முட்டையைக் கண்டது பாதி வேலைதான். புழுவை வெளியேற்றினால் நோயாளி தேறுகிறாரா என்பதுதான் உண்மையான சோதனை. மருந்து கொடுத்தார். புழுக்கள் மலத்தோடு வெளியே வந்தன. வெளுத்த முகங்களில் மெல்ல ரத்தம் ஏறியது. நல்ல சாப்பாடு மட்டும் செய்ய முடியாததை, புழுநீக்கம் செய்தது.

ஒரு சென்டிமீட்டர் புழு எப்படி ஆளைக் கொல்லும்?

கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். அங்கே பரவியிருந்த கொக்கிப்புழு இனம் ஒன்று ஒரு நாளைக்குக் குடிப்பது சுமார் 0.03 மில்லிலிட்டர் ரத்தம். ஒன்றுமே இல்லை. ஆனால் குடலில் 500 புழுக்கள் கவ்விக்கொண்டிருந்தால் ஒரு நாளைக்கு 15 மில்லிலிட்டர், ஒரு மாதத்துக்கு 450 மில்லிலிட்டர். ரத்த தான முகாமில் நம்மிடம் எடுப்பது பொதுவாக 350 மில்லிலிட்டர்தான். அரைவயிறு சாப்பிடும் ஒருவர், மாதாமாதம் அதைவிட அதிகமாக ரத்தம் கொடுத்துக்கொண்டே காப்பித் தோட்டத்தில் கூலி வேலையும் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரைத்தான் ஊர் சோம்பேறி என்றது.

இந்தப் புழு எந்த வகை என்பதில் முதலில் ஒரு குழப்பம் இருந்தது. ஐரோப்பாவில் ஏற்கெனவே தெரிந்த இனம்தான் என்று ஆஷ்ஃபோர்டு நினைத்தார். 1902-ல் அமெரிக்க விலங்கியலாளர் சார்ல்ஸ் ஸ்டைல்ஸ், ஆஷ்ஃபோர்டு கொடுத்த மாதிரிகளையும் சேர்த்து ஆராய்ந்து, இது வேறு இனம் என்று காட்டினார். இன்று அதன் பெயர் நெகேட்டர் அமெரிகானஸ், அதாவது அமெரிக்கக் கொலையாளி. பெயர்தான் அமெரிக்கா. அடிமை வணிகத்தின்போது ஆப்பிரிக்காவிலிருந்து கடல் தாண்டி வந்த புழு என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து.

புழு உடம்புக்குள் எப்படிப் போகிறது?

வாய் வழியாகத்தான் என்று அதுவரை நம்பினார்கள். கெய்ரோவில் வேலை பார்த்த ஜெர்மன் ஆய்வாளர் ஆர்தர் லூஸின் கையில் ஒருமுறை புழுக்குஞ்சுகள் இருந்த நீர் சிந்தியது. அரிப்பெடுத்தது. சில வாரங்கள் கழித்து அவருடைய மலத்திலேயே கொக்கிப்புழு முட்டைகள் தென்பட்டன. தோலைத் துளைத்தே புழு உள்ளே போகும் என்று 1898-ல் அவர் எழுதியபோது பலர் நம்பவில்லை.

ஆஷ்ஃபோர்டின் நோயாளிகளிடம் இதற்கு ஆதாரம் காலிலேயே இருந்தது. மழைக்காலத்தில் கால்விரல் இடுக்கில் வரும் ஒரு தாங்க முடியாத அரிப்புப் புண்ணை ஹீபரோக்கள் மசமோரா என்று சொல்வார்கள். சேற்றில் நடப்பதால் வருவது என்று சாதாரணமாக விட்டுவிடுவார்கள். விசாரித்தால், வெளுத்துப்போய் வந்தவர்களில் அநேகமாக எல்லோருக்கும் மசமோரா வந்திருந்தது. அந்தப் புண், புழு நுழைந்த வாசல்.

சுற்று இப்படிப் போகிறது. தொற்றுள்ளவர் திறந்தவெளியில் மலம் கழிக்கிறார். முட்டைகள் மண்ணில் விழுகின்றன. ஈரமும் நிழலும் வெதுவெதுப்பும் இருந்தால் ஓரிரு நாளில் பொரிகின்றன. சுமார் 5 முதல் 10 நாளில் குஞ்சுகள் தோலைத் துளைக்கும் பருவத்தை எட்டுகின்றன. வெறுங்கால் பட்டதும் தோலுக்குள் நுழைகின்றன. ரத்தத்தில் கலந்து இதயம், அங்கிருந்து நுரையீரல், மூச்சுக்குழாய் வழியாக மேலே ஏறித் தொண்டை. எச்சிலோடு விழுங்கப்பட்டுக் கடைசியில் சிறுகுடல். அங்கே கவ்விக்கொண்டு, வளர்ந்து, தினமும் ஆயிரக்கணக்கில் முட்டை போடுகின்றன.

காப்பிச் செடிக்கு மரநிழலும் ஈர மண்ணும் வேண்டும். புழுவுக்கும் அதேதான் வேண்டும். தோட்டத்தில் கழிப்பறை கிடையாது, தொழிலாளி காலில் செருப்பு கிடையாது. மலைப்பகுதியில் நோய் இவ்வளவு கடுமையாக இருந்ததற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

இன்னொரு முக்கியமான விஷயம். இந்தப் புழு உடம்புக்குள்ளேயே குட்டி போட்டுப் பெருகாது. போடும் முட்டை வெளியே போய், மண்ணில் வளர்ந்து, மறுபடி தோல் வழியாகத்தான் வர வேண்டும். அப்போ 500 புழு இருக்கிறது என்றால், அந்த மனிதர் அசுத்தமான மண்ணில் திரும்பத் திரும்பக் கால் வைத்திருக்கிறார் என்று பொருள். அதுக்கு வேற வழி அவருக்கு இல்லை.

ஓமத்தில் இருக்கும் மருந்து

ஆஷ்ஃபோர்டு கொடுத்த மருந்தின் பெயர் தைமால். நம்ம வீட்டு ஓமத்துக்கு அந்த வாசனையைத் தருவதே தைமால்தான். முதல் உலகப் போருக்கு முன்பு இந்தியாவிலிருந்து ஓமம் ஜெர்மனிக்குக் கப்பலேறி, அங்கே தைமாலாகப் பிரிக்கப்பட்டு உலகெங்கும் போனது.

உடனே ஓம வாட்டர் குடித்தால் புழு போய்விடும் என்று நினைத்துவிட வேண்டாம். அன்று கொடுத்தது கிராம் கணக்கில் சுத்தமான தைமால். எண்ணெயோ மதுவோ சேர்ந்தால் அது ரத்தத்தில் கலந்து விஷமாகும். அதனால் இரண்டையும் தொடக் கூடாது என்று எச்சரித்து, முன்னும் பின்னும் பேதி உப்பு கொடுத்துத்தான் சிகிச்சை செய்தார்கள். இன்று அந்த முறை வழக்கில் இல்லை.

மலையடிவாரத்தில் கூடாரம்

கண்டுபிடித்தவுடன் எல்லாம் மாறிவிடவில்லை. ரத்தச்சோகைக்குப் பட்டினியும் மலேரியாவும்தான் காரணம் என்று நம்பிய டாக்டர்கள் பலர் இருந்தார்கள். ஆஷ்ஃபோர்டும் சக டாக்டர் வால்டர் கிங்கும் நோயாளிகளைச் சேர்த்து, பதிவுகளைத் திரட்டி, அரசை நச்சரித்தார்கள்.

1904-ல் தீவின் சட்டமன்றம் 5,000 டாலர் ஒதுக்கியது. ரத்தச்சோகை ஆணையம் பிறந்தது. ஆஷ்ஃபோர்டு, கிங் ஆகியோருடன் மூன்றாவது உறுப்பினர் போர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த டாக்டர் பெத்ரோ குட்டியெரெஸ் இகராவிதெஸ். முதலில் பயமோன் என்ற ஊரில் தொடங்கினார்கள். பிறகு நோய் கடுமையாக இருந்த மலைநகரம் ஊத்துவாதோவில் கூடாரம் அடித்து மருத்துவமனை நடத்தினார்கள்.

முதலில் சிலர்தான் வந்தார்கள். மருந்து எடுத்தவர்கள் ஊருக்குத் திரும்பி எழுந்து நடமாடியதைப் பார்த்ததும் கூட்டம் திரண்டது. நடக்க முடியாதவர்களை மூங்கிலில் தூளி கட்டித் தூக்கிவந்தார்கள். அந்த ஒரே ஆண்டில் 5,000-க்கும் மேற்பட்டோர் சிகிச்சை பெற்றார்கள். பின்னர் தீவு முழுக்கச் சிகிச்சை நிலையங்கள் பரவின. சில ஆண்டுகளில் சுமார் 3 லட்சம் பேருக்கு மருந்து கிடைத்தது. 1899 கணக்கெடுப்பின்படி தீவின் மக்கள்தொகையே 9.5 லட்சம்தான். அதாவது மூன்றில் ஒரு பங்கு. ரத்தச்சோகை மரணங்கள் சுமார் 90 சதவீதம் குறைந்ததாக மதிப்பிடுகிறார்கள்.

மருந்து மட்டும் போதுமா?

இங்கேதான் கதை சிக்கலாகிறது. குணமான ஹீபரோ திரும்பிப் போவது அதே தோட்டத்துக்கு, அதே ஈர மண்ணுக்கு, அதே வெறுங்காலோடு. மாத்திரைக்கு ஆகும் செலவு சில காசு. கழிப்பறை கட்டவும் செருப்பு வாங்கவும் தேவைப்படுவது கூலி உயர்வு. மருந்து கொடுத்தால் கூலியாள் கூடுதலாக வேலை செய்வார் என்பது முதலாளிகளுக்கும் அரசுக்கும் பிடித்த கணக்கு. கூலியைக் கூட்டுவது அவ்வளவு பிடித்த கணக்கு அல்ல. கழிப்பறை வேண்டும் என்று ஆணையம் வலியுறுத்தியும் கிராமங்களில் அது மெதுவாகவே நடந்தது. மரணங்கள் குறைந்தன, தொற்று தொடர்ந்தது.

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் ஸ்டைல்ஸ் இதே புழுவைக் கண்டு 1902-ல் பேசியபோது, சோம்பல் கிருமி அகப்பட்டது என்று நியூயார்க் பத்திரிகை ஒன்று கிண்டலாக எழுதியது. ஆனால் நோயின் கனத்தை உணர்ந்த ராக்பெல்லர் 1909-ல் 10 லட்சம் டாலர் கொடுத்தார். அடுத்த சில ஆண்டுகளில் அந்த இயக்கம் பல நாடுகளுக்குப் போனது.

1916-ல் அது வந்து சேர்ந்த இடங்களில் ஒன்று இலங்கைத் தோட்டங்கள். அங்கே வெறுங்காலோடு வேலை செய்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து கூட்டிப்போகப்பட்ட நம் ஜனங்கள். நடந்ததும் போர்ட்டோ ரிக்கோ கதைதான். மருந்து கொடுக்கத் தோட்டத் துரைகள் ஒத்துக்கொண்டார்கள். லயங்களுக்குக் கழிப்பறை கட்டும் செலவு என்றதும் தயங்கினார்கள். குணமானவர்களுக்கே மறுபடி புழு தொற்றியது.

அவர் சறுக்கிய இடம்

ஆஷ்ஃபோர்டின் பின்னாள் வாழ்க்கை ஸ்ப்ரூ என்ற இன்னொரு வெப்பமண்டல வயிற்று நோயின் பின்னால் போனது. தீராத வயிற்றுப்போக்கு, மெலிவு, ரத்தச்சோகை. நோயாளிகளின் மலத்தில் ஒரு வகை ஈஸ்ட்டைக் கண்ட அவர், அதுதான் காரணம் என்று பல ஆண்டுகள் உறுதியாக நம்பினார்.

அது தவறு. ஒரு உயிரி மலத்தில் இருப்பது வேறு, நோய்க்கு அதுவே காரணம் என்பது வேறு. கொக்கிப்புழு விஷயத்தில், புழுவை எடுத்தார், நோயாளி தேறினார். ஈஸ்ட் விஷயத்தில் அந்தச் சங்கிலி முழுமையாகச் சேரவே இல்லை. பின்னாளில் ஸ்ப்ரூ நோயாளிகளைத் தேற்றியது ஃபோலிக் அமிலம். 1945-ல் அதைச் செயற்கையாக உருவாக்கிய அமெரிக்கக் குழுவை வழிநடத்தியவர், நம்ம சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். இளவயதில் அவரே ஸ்ப்ரூவால் அவதிப்பட்டவர்.

அதைப் பார்க்க ஆஷ்ஃபோர்டு இல்லை. முதல் உலகப் போரில் பிரான்ஸில் ராணுவ டாக்டர்களுக்குப் பயிற்சி அளித்துவிட்டு மறுபடி தீவுக்கே திரும்பியவர் அவர். 1926-ல் சான் ஹுவான் நகரில் கொலம்பியா பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து வெப்பமண்டல மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. 1934 நவம்பர் 1 அன்று அதே நகரில் 61 வயதில் காலமானார். இன்று சான் ஹுவானில் ஒரு பெரிய சாலையும் ஒரு மருத்துவமனையும் அவர் பெயரில் உள்ளன.

இன்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

அடிப்படை மாறவில்லை. இன்றும் மலம், கண்ணாடித் தகடு, மைக்ராஸ்கோப்தான். மாறியது, இப்போது எண்ணுகிறார்கள். காட்டோ-காட்ஸ் என்ற முறையில் சிறு துளையுள்ள அச்சு ஒன்றால் 41.7 மில்லிகிராம் மலத்தை அளந்தெடுத்து முட்டைகளை எண்ணி, 24-ஆல் பெருக்கினால் ஒரு கிராமுக்கு எத்தனை என்று தெரியும். 2,000-க்குக் கீழ் லேசான தொற்று, 4,000-க்கு மேல் கடுமையான தொற்று. ஒரு சிக்கல் உண்டு. கொக்கிப்புழு முட்டையின் ஓடு மெல்லியது. தகடு தயாரித்த 30 முதல் 60 நிமிடத்துக்குள் பார்க்காவிட்டால் முட்டை கரைந்து மறைந்துவிடும். தொற்று இருந்தும் இல்லை என்று ரிப்போர்ட் வரும்.

உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி மண் வழியாகப் பரவும் குடற்புழுக்கள் சுமார் 150 கோடிப் பேரிடம் உள்ளன. இந்தியாவில் 2015 முதல் தேசிய குடற்புழு நீக்க நாள் நடக்கிறது. 1 முதல் 19 வயது வரை அல்பெண்டசோல் மாத்திரை இலவசம். தமிழ்நாட்டில் 20 முதல் 30 வயதுப் பெண்களுக்கும் கொடுத்திருக்கிறார்கள். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் இதில் விதிவிலக்கு. அவர்கள் டாக்டரைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

இதில் நமக்கு என்ன? இரும்புச்சத்து மாத்திரை மாதக்கணக்கில் எடுத்தும் ஹீமோகுளோபின் ஏறவில்லை என்றால், மலப் பரிசோதனை தேவையா என்று டாக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். தோட்டத்திலோ வயலிலோ வேலை செய்பவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களுக்காகவும் கேளுங்கள். எப்பப் பார்த்தாலும் அசதி, அசதி என்று ஒருத்தர் சொன்னால், சுறுசுறுப்பாக இருக்கச் சொல்லி அறிவுரை கொடுப்பதற்கு முன் ஒரு டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிடலாம்.